மேய்ந்த புல்லின் உயரம்

கடலை முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். விடியலில் காட்டைச் சுற்றி வரும் அப்பாரு ஓரிடத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். நாலைந்து செடிகளுக்குத் தலை இருக்காது. மிச்சம் நிற்கும் தண்டு கத்தியால் சாய்த்துச் சீவியதுபோல இருக்கும். ஆடு கடித்தால் நுனி பிய்ந்து நார் தொங்கும். புழு தின்றால் இலையில் ஓட்டை விழும். இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு சாய்வாக அறுக்கிற பல் ஒன்றுதான் உண்டு. "மொசலு எறங்கிருக்குது கண்ணு" என்பார். அதற்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை செடி போயிற்று, கிளுவை வேலியில் எந்தச் சந்து வழியாக வந்தது, புழுக்கை ஈரமா காய்ந்ததா என்று மட்டும் பார்ப்பார்.

அடுத்த சில நாட்களில் வீட்டில் மொசக்கறி கொதிக்கும். கருஞ்சிவப்பான, கொழுப்பே இல்லாத கறி. அப்பத்தா சின்ன வெங்காயமும் மிளகும் அள்ளிப்போட்டு, மற்ற நாளில் துளித்துளியாக விடும் நல்லெண்ணெயை அன்றைக்கு மட்டும் தாராளமாக ஊற்றுவாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கனடாவின் வடகாடுகளில் வேறு எதுவும் கிடைக்காமல் முயலை மட்டுமே தின்று நாளைக் கழிப்பவர்கள், வயிறு நிறைய நிறையத் தின்றும் மெலிந்து நோயில் விழுவார்கள் என்று துருவப் பயணி ஸ்டெஃபான்சன் எழுதியிருக்கிறார். கொழுப்பில்லாத கறி தனியாக நின்று உடம்பைக் காப்பாற்றாது. அப்பத்தாவுக்கு அது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

ஒரு முயலை நான்கு வீட்டுக்குக் கூறு போட்டதும் நினைவிருக்கிறது. தொடைக்காக நானும் என் அண்ணனும் சண்டை போட்டதும் நினைவிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. நான் தின்றதை மறைத்துவிட்டு முயலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடலையை முயல் தின்றது, முயலை நாங்கள் தின்றோம், கணக்கு நேராயிற்று என்றுதான் சிறுவயதில் நினைத்தேன். அந்தக் கணக்கில் இரண்டே பேர் இருந்தார்கள். நாங்களும் முயலும். மற்றவர்கள் யாரும் அதில் வரவில்லை.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொரங்காடு என்று ஒன்று உண்டு. உழுது விதைப்பதற்கு அல்ல, மேய்ப்பதற்கென்றே வைத்திருக்கும் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும். மாடும் செம்மறியும் முறைவைத்து மேயும். அந்த வேலியடியிலும் புல் தூரிலும்தான் பகலெல்லாம் முயல் படுத்திருக்கும். அது வளை தோண்டாது. தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான் வீடு. காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருந்தால் மண்கட்டிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. மிதிக்கும் தூரத்துக்குப் போன பிறகுதான் காலடியில் இருந்து வெடித்துக் கிளம்பும். அது ஓடிய பிறகு அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்ப்பது எங்கள் விளையாட்டு. கொஞ்ச நேரம் சூடு இருக்கும்.

தமிழில் எல்லாமே முயல்தான். ஆனால் இரண்டு வேறு விலங்குகள் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. எங்கள் கொரங்காட்டில் ஓடுவது கறுப்புப் பிடரி முயல். குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடம்பில் மயிர் இருக்கும். மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்திலும் ஊர்ப்புறப் பண்ணைகளிலும் கூண்டில் வளர்வது குழிமுயல். குட்டி வெறுந்தோலோடு, கண்மூடிப் பிறக்கும். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழிவந்தது அது. இரண்டுக்கும் கலப்பில் குட்டி பிறக்காது. நம் ஊரில் சட்டத்துக்கு உட்பட்டுத் தின்னக்கூடிய முயல் இந்த அயலூர்க்காரன் மட்டுமே. இந்தக் குழிமுயலின் கதையைத் தேடிப் படிக்கப் போய்த்தான் என் இரண்டுபேர்க் கணக்கு உடைந்தது.

அதன் தாயகம் ஐபீரியத் தீபகற்பம், இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும். ஸ்பெயின் என்ற பெயரே அங்கே கப்பலில் வந்திறங்கிய பினீசியர்கள் கண்ட முயல்களால் ஏற்பட்டது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. பக்கத்துப் பாலியாரிக் தீவுகளின் மக்கள் முயல் தொல்லை தாங்காமல், படைவீரர்களை அனுப்பி உதவும்படி ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் முறையிட்டதாகப் பிளினி எழுதியிருக்கிறார். நம் திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தில் கான முயல் வருவது வீரத்துக்குப் பொருந்தாத எளிய இலக்காக. அதே முயலுக்கு எதிராகப் பேரரசின் படையைக் கேட்டிருக்கிறார்கள். வயிற்றுக்கு உள்ளதை ஒரு விலங்கு தின்றுவிட்டால் அது சிறியதா பெரியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தத் தீபகற்பத்தில் முயலைத் தின்று வாழும் விலங்குகளும் பறவைகளும் முப்பதுக்கு மேல். அவற்றில் சில, முயல் இல்லாவிட்டால் இல்லை. காதில் கறுப்பு மயிர்க்குச்சம் வைத்த ஐபீரிய லின்க்ஸ் என்ற பூனையின் உணவில் பெரும்பகுதி முயல்தான். ஏறக்குறைய நாளுக்கு ஒன்று வேண்டும். ஸ்பானியப் பேரரசக் கழுகுக்கும் அதுவே முதல் இரை. முயல் தோண்டிய வளைகளில் பல்லியும் பாம்பும் தவளையும் குடியிருக்கின்றன. அதன் புழுக்கையில் விதை பரவுகிறது, சாணவண்டு பிழைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முயல்கள் நோயில் மடியத் தொடங்கின. காடழிப்பும் துப்பாக்கியும் சாலையும் அதோடு சேர்ந்துகொண்டன. லின்க்ஸ் குறைந்துகொண்டே வந்து 2002-இல் நூற்றுக்கும் கீழே போயிற்று. பிறகு கூண்டில் வளர்த்து, வாழிடத்தைத் திருத்தி, முயலையும் கொண்டுவந்து விட்டு அதை மீட்டிருக்கிறார்கள். இன்று இரண்டாயிரத்துக்கு மேல். 2024-இல் அதன் அபாய நிலை ஒரு படி இறக்கப்பட்டது. அதே நேரம், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2019-இல் குழிமுயலையே அதன் தாயகத்தில் அழியும் ஆபத்துள்ள உயிர் என்று அறிவித்துவிட்டது. அதே ஸ்பெயினில் வேறு சில வட்டாரங்களில் நெடுஞ்சாலைக் கரைகளிலும் ரயில் பாதை மேட்டிலும் வளை தோண்டிப் பெருகிய முயல்கள் திராட்சைக் கொடியைக் கடித்து உழவர்களை அழவைக்கின்றன. ஒரே நாடு, ஒரே முயல். அந்த உழவரின் அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். தலை போன கடலைச் செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவரின் பேரன் நான்.

இனி அந்த நோயின் கதை. என்னைத் தூங்கவிடாத கதை இது. தென்னமெரிக்காவின் காட்டுமுயல் ஒன்றின் உடம்பில் சிறு கட்டியாக மட்டும் வந்துபோகும் ஒரு நுண்மி, ஐரோப்பிய முயலைத் தொட்டால் கொன்றுவிடுகிறது. 1896-இல் உருகுவேயின் மொண்டெவிடியோவில் சனரெல்லி என்ற மருத்துவர் தம் ஆய்வுக்கூடத்து முயல்கள் இப்படிச் சாவதைக் கண்டு பதிவு செய்தார். மிக்சோமடோசிஸ் என்று பெயர். கண்ணும் முகமும் வீங்கி, பார்வை போய், பத்துப் பன்னிரண்டு நாளில் செத்துவிடும். கொசுவும் தெள்ளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகும்.

பிரான்சில் அர்மான்-டெலில் என்று ஒரு மருத்துவர் இருந்தார். குழந்தைகளின் நோய்களைப் பார்ப்பவர். பாரிசுக்கு மேற்கே மைய்போவா என்ற ஊரில் அவருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. முயல் தொல்லை தாங்கவில்லை. 1952 ஜூனில் இரண்டு முயல்களுக்கு அந்த நுண்மியைச் செலுத்தித் தோட்டத்தில் விட்டார். சுற்றிலும் மதில் இருந்தது, வெளியே போகாது என்று நம்பினார். கொசுவுக்கு மதில் ஏது? இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிரான்சின் காட்டுமுயல்களில் பத்தில் ஒன்பது போயிற்று. 1953-இல் அது கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தென்பட்டது. முயல் வேட்டையை நம்பியிருந்தவர்கள் அவரைச் சபித்தார்கள். வழக்கு நடந்தது, 1955-இல் ஐயாயிரம் பிராங்கு அபராதம். அடுத்த ஆண்டே, 1956-இல், வனத்துறையின் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் கையால் அவருக்குத் தங்கப் பதக்கம். பதக்கத்தின் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் செத்த முயல். மரக்கன்றுகளைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதற்கு.

ஒரே செயலுக்கு அபராதமும் பதக்கமும். இரண்டையும் கொடுத்தவர்கள் நேர்மையாகத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு முயல் என்றால் கறி, இன்னொருவருக்குக் கன்றுதின்னி. தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று நம் ஊரில் சொல்வது பிடிவாதக்காரனைப் பார்த்து. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த காலை அவரவர் எண்ணியிருக்கிறார்கள். யாரும் எண்ணாத கால் எது என்பது இங்கிலாந்தின் புல்மேட்டில்தான் தெரிந்தது.

அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல் செத்ததாகச் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் பங்கீட்டு அட்டை இல்லாமல் கிடைத்த கறி அது. வீங்கிய கண்ணோடு சாலையில் தடுமாறிய முயல்களைப் பார்த்தபின் சனங்கள் அந்தக் கறியைத் தொடவே கூசினார்கள். உழவர்கள் நிம்மதியடைந்தார்கள், விளைச்சலும் கூடியது. முயலை நம்பிய பசார்டு என்ற பருந்தினம் அந்தப் பருவங்களில் பல இடங்களில் முட்டையிடவே இல்லை. இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். யாரும் எதிர்பாராதது புல்.

தென்மேற்கு இங்கிலாந்தின் சரிவுகளில் பெருநீலம் என்ற பட்டாம்பூச்சி இருந்தது. அதன் வாழ்க்கையைப் படித்தபோது யாரோ கட்டிய கதை என்று நினைத்தேன். அது காட்டுத் தைம் பூவில் முட்டையிடுகிறது. புழு மூன்று வாரம் போலப் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. விழுந்த இடத்துக்கு ஒரு சிவப்பு எறும்பு வரவேண்டும். புழு தன் வாசனையாலும் உடம்பை வளைக்கும் விதத்தாலும் தன்னை எறும்புக் குஞ்சு என்று நம்பவைக்கிறது. எறும்பு அதைப் புற்றுக்குள் தூக்கிப்போகிறது. அங்கே பத்து மாதம் எறும்பின் முட்டை, குஞ்சுகளைத் தின்று வளர்ந்து, அடுத்த கோடையில் நீலச் சிறகோடு வெளியே வருகிறது. எந்தச் சிவப்பு எறும்பும் ஆகாது. மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் புற்றில்தான் அது பிழைக்கும். அந்த எறும்புக்கோ வெயில் நேரடியாக மண்ணில் விழ வேண்டும். புல் விரற்கடை உயரத்தைத் தாண்டினால் மண் குளிர்ந்துவிடும், அந்த எறும்பு போய்விடும், வேறு எறும்பு வந்துவிடும். கண்ணுக்கு அதே மேடு, அதே தைம், அதே சிவப்பு எறும்பு. பட்டாம்பூச்சி மட்டும் இல்லை.

அந்தப் புல்லை விரற்கடை உயரத்தில் வைத்திருந்தது ஆடும் முயலும். மேட்டுநிலத்தில் ஆட்டை மேய்ப்பது இலாபமில்லை என்று பலர் முன்பே விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த வேலையை முயல் செய்துகொண்டிருந்தது. அதுவும் போனது. பட்டாம்பூச்சி பிடித்துச் சேர்ப்பவர்களால்தான் பெருநீலம் குறைகிறது என்று நினைத்து ஒரு காப்பிடத்தைச் சுற்றி வேலியும் போட்டிருந்தார்கள். அந்த வேலி ஆளோடு சேர்த்து மேயும் விலங்கையும் வெளியே நிறுத்தியது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே தங்கி, நாள் நாளாகக் கவனித்து, எறும்பின் ரகசியத்தைக் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. 1979-இல் பெருநீலம் பிரிட்டனில் இல்லாமல் போயிற்று. 1983-இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள், இன்று பறக்கிறது. விடுவதற்கு முன் செய்த வேலை மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்ததுதான்.

இதைப் படித்த அன்றைக்கு, சாய்வாகச் சீவிய அந்தக் கடலைத் தண்டு என் கண்முன் வந்து நின்றது. அந்தப் பல் கடலைக்காட்டில் மட்டுமா வேலை செய்தது? கொரங்காட்டில் எந்தப் புல்லை எந்த உயரத்தில் நிறுத்தியது, எந்தப் புற்றின் மேல் வெயிலை விழவைத்தது? அப்பாரு தலை போன செடிகளை எண்ணினார். முயல் கடித்ததால் நின்றவற்றை எண்ண எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் முயலை ஒரு துறவியாக்கிவிடுவேன். அது உண்மைக்கு விரோதம். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற இங்கிலாந்துக்காரர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், வின்செல்சீக்கு அருகே இருந்த பார்வன் பார்க் பண்ணைக்குச் சுட்டு விளையாடுவதற்காகக் கிட்டத்தட்ட இரண்டு டஜன் முயல்களை வரவழைத்தார். ஐம்பது ஆண்டுக்குள் அவை கண்டத்தின் மறுகரை வரை போய்விட்டன. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை 1,833 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி கட்டியது. கட்டி முடிப்பதற்குள் முயல் அந்தப்பக்கம் இருந்தது. அங்கே அதை அடக்க லின்க்ஸ் இல்லை, அதன் பல்லோடு சேர்ந்து வளர்ந்த புல்லும் இல்லை. முளைத்து வரும் மரக்கன்றை வருடக்கணக்காகத் தின்றுகொண்டே இருந்தால் கிழமரங்கள் சாகும்போது பின்னால் வர எதுவும் இருக்காது. அப்படி வெறுமையான நிலங்கள் அங்கே உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஏழைகள் அந்த முயலை 'நிலத்தடி ஆட்டுக்கறி' என்று சொல்லித் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பதும் அதே மண்ணின் கதைதான். 1950-இல் அங்கேயும் மிக்சோமா நுண்மியை வேண்டுமென்றே விட்டார்கள். அதே சமயத்தில் மனிதர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் நோய்தான் காரணம் என்று சனங்கள் பயந்தார்கள். பர்னெட், ஃபென்னர், கிளூனிஸ் ராஸ் என்ற மூன்று அறிவியலாளர்கள் அந்த நுண்மியைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு ஒன்றும் ஆகாது என்று காட்டினார்கள். அவர்களுடைய நேர்மையை வணங்குகிறேன். ஆஸ்திரேலிய நிலத்துக்கு முயல் குறைந்தாக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எங்கள் கொரங்காட்டுக்கு உயிரான கொழுக்கட்டைப் புல்லின் இனம் அந்தக் கண்டத்துக்குப் போய், பாலையில் பரவித் தீயை வளர்க்கும் களையாகப் பெயரெடுத்திருக்கிறது. காங்கயம் மாட்டின் வாயில் அமுதமாக இருக்கும் அதே புல்.

ஆகவே முயல் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அது எங்கே இரையாக இருக்கிறது என்று கேட்கிறேன். சச ஜாதகம் என்ற பௌத்தக் கதையில் பசித்து வந்த விருந்தாளிக்குக் கொடுக்கப் புல்லைத் தவிர ஒன்றும் இல்லாத முயல், தன்னையே தீயில் இட முன்வருகிறது. அதனால்தான் நிலவில் அதன் உருவம் என்பது கதை. சிறுவயதில் அந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் காட்டில் எந்த முயலும் தீயில் குதிப்பதில்லை. ஓடுகிறது. வளைந்து நெளிந்து, திரும்பிப் பாய்ந்து, நெஞ்சு வெடிக்க ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் பிடிக்கத்தான் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் அவ்வளவு ஒல்லியாக, அவ்வளவு நீளக் காலோடு வளர்க்கப்பட்டன. நரியின் மூக்கையும் கொம்பன் ஆந்தையின் செவியையும் கூர்மையாக்கியதில் அந்த ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. கொடுப்பதற்காகப் பிறந்தது என்று சொல்லி அதைப் புகழ்வது, அதன் ஓட்டத்தை மதிக்காமல் இருப்பது.

கொரங்காடு இப்போது குறைந்துவிட்டது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் குறைந்தார்கள். கிளுவை வேலியைப் புல்டோசர் வைத்துத் தள்ளிவிட்டு கல்கால் நட்டுக் கம்பிவலை கட்டுகிறார்கள். காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் நிலம் போயிருக்கிறது. எங்கள் பங்கையும் விற்றோம். விற்றதில் எனக்கும் கையெழுத்து உண்டு. வாங்கியவர் வெளியூர். சுற்றிலும் ஆறடிக் கம்பிவலை போட்டுவிட்டு அவர் போய்விட்டார். உள்ளே எதுவும் மேயவில்லை. இரண்டு மழைக்குப் புல் இடுப்பளவு நின்றது. சித்திரையில் யாரோ போட்ட பீடித்துண்டில் ஒரு பக்கம் எரிந்தது. மேயாத நிலம் தழைத்து நிற்பதைப் பார்த்து, பச்சையாக இருக்கிறதே என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மகிழ்ந்து சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஊர்ப்பக்கம் முயல் ரத்தத் தைலம் தடவினால் முடி வளரும் என்று இன்னமும் விற்கிறார்கள். இரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கைப் பார்த்தால் முயல் நகராது. வெளிச்சம் அதைக் கட்டிப்போடும். பசிக்கு வலை போட்ட காலத்தோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. சோறில்லாதவனின் சுருக்கு வேறு, விடுமுறைக்கு வந்தவனின் விளக்கு வேறு.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தபோது இரவு பத்து மணிபோல அந்தப் பாதையில் வந்தேன். இடப்பக்கம் நாங்கள் விற்ற காட்டின் கம்பிவலை. வளைவு திரும்பியதும் ஹெட்லைட்டில் ஒரு முயல். கம்பிவலையின் அடியில், வெளிப்பக்கம், பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் நிமிர்ந்து, கண் சிவப்பாக மின்னியது. வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டு அசையவில்லை. முன்னால் ஒரு பிடிக் கொழுக்கட்டைப் புல், மேலே பாதி இல்லை.

வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தேன். நிலா இல்லாத இரவு. ஒன்றும் தெரியவில்லை. என்ஜின் சூடு குறையும் டிக்டிக் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பிறகு இருட்டுக்குள், மிக அருகில், புல் அறுபடும் சத்தம் கேட்டது.